ஒரே கூரை வேண்டாம், அடுத்த புளோக் போதும்: சிங்கப்பூர் மூத்தோரின் வீட்டு விருப்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1980களின் பிற்பகுதியில் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு புது மாதிரி வீட்டைக் கட்டிப் பார்த்தது. அங்குள்ள தமிழர் வாயில் அந்தக் கழகத்துக்கு 'வீவக' என்று பெயர். பெரிய ஐந்தறை வீடு ஒன்று, அதை ஒட்டினாற்போல் தாத்தா பாட்டிக்கு ஒரு சின்ன வீடு. சின்ன வீட்டுக்கும் தனி வாசல் உண்டு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள், பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், அரசாங்கமும் அதையேதான் விரும்பியது. ஆனாலும் ஈசூன் போன்ற நகரங்களில் சில நூறு வீடுகள் கட்டியதோடு அந்தத் திட்டம் நின்றுபோனது. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை.

எல்லோரும் விரும்புவதாகச் சொன்ன வீட்டை ஏன் யாரும் பெரிதாக வாங்கவில்லை? இந்த ஆய்வுக்கு அந்தக் கேள்விதான் முடிச்சு. மூத்தவர்களிடம் 'எங்கே இருக்க ஆசை?' என்று கேட்டால் வருகிற பதில், அந்த நேரத்தில் அவர் கண்முன் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கையில் சொந்த வீடு இல்லாதவர் சொல்லும் பதில் ஒன்று. சொந்த வீட்டின் சாவி இடுப்பில் இருப்பவர் சொல்வது வேறு. சிங்கப்பூரில் மூன்று தலைமுறை முதியவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. இதைப் பாசம் குறைந்துபோன கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாறியது கதவும் சாவியும். பெரிதாக மாறாத ஒன்றும் உண்டு, அதுதான் திட்டமிடுவோர் கண்ணில் கடைசியாகப் பட்டது: பழகிய தெரு.

ஏன் சிங்கப்பூர்? குடியிருப்பாளர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டின் அளவு, விலை, குத்தகை, யாருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் ஒரே கழகத்தின் கையில். அதனால் ஒரு விதியை மாற்றினால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க முடிகிறது. வேறு நாடுகளில் நூறு கட்டுமான நிறுவனங்களுக்கு நடுவே இது கலங்கிப் போய்விடும். அப்புறம், மூப்பு அங்கே வேகமாக வந்துவிட்டது. குடிமக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2013இல் 11.7 விழுக்காடு, 2023இல் 19.1 விழுக்காடு. 2030 வாக்கில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் என்பது அரசின் கணிப்பு.

கம்பத்திலிருந்து வந்தவர்கள்

முதல் தலைமுறை என்று நான் சொல்வது 1949ஆம் ஆண்டு முடிவதற்குள் பிறந்தவர்களை. அரசாங்கம் பின்னாளில் 'முன்னோடித் தலைமுறை' என்று பெயர் சூட்டிச் சலுகை கொடுத்தது இவர்களுக்குத்தான். இவர்களில் பெரும்பாலானோர் கம்பத்து வீடுகளிலோ (கம்பம் என்றால் மலாய் மொழியில் கிராமக் குடியிருப்பு), நகரத்துக் கடைவீடுகளின் தடுப்பறைகளிலோ, முதலாளி கொடுத்த குவார்ட்டர்ஸிலோ வளர்ந்தவர்கள். 1960இல் வீவக தொடங்கியது. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீப்பிடித்து எரிந்ததில் சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அவர்களைக் குடியேற்றிய வேகத்தில்தான் வீவகவுக்குப் பெயர் வந்தது. முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும் என்று இவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். குழாய்த் தண்ணீர், மின்சாரம், தனிக் கழிப்பறை எல்லாம் கிடைத்தன. யாரும் அதைக் குறை சொல்லவில்லை. இழந்தது என்னவென்றால், வீட்டை நீட்டிக்கொள்ளும் வசதி. கம்பத்தில் மூத்த மகனுக்குக் கல்யாணமானால் பக்கவாட்டில் பலகையடித்துத் தகரம் வேய்ந்து ஓர் அறை இறக்கிவிடலாம். இரண்டாமவனுக்கு இன்னொன்று. அடுக்குமாடியில் சுவர் சுவர்தான். மகன் கல்யாணம் செய்தால் யாராவது ஒருவர் வெளியேற வேண்டும், அல்லது ஹாலில் பாய் விரிக்க வேண்டும்.

தமிழர்களைப் பொறுத்தவரை வடக்கே செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் நல்ல எடுத்துக்காட்டு. தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை பார்த்தார்கள், தளத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறி முடித்தது. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகும். அதற்குப் பிறகு பலர் ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். செம்பவாங்கில் மரத்தடியில் வழிபாடாகத் தொடங்கிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தில் அந்தப் பழைய கடற்படைத் தளத்துக் குடும்பங்களை இன்னமும் பார்க்கலாம். ஆட்கள் நகர்ந்தார்கள், கோயிலும் பின்னாலேயே வந்தது. வயதானவர் ஒருவர் எங்கே குடியிருக்க விரும்புகிறார் என்று கேட்கும்போது இந்த மாதிரியான விஷயத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

இந்தத் தலைமுறையின் முதுமை விருப்பம் எளிமையானது: மகன் வீடு. சொந்தச் சேமிப்பு குறைவு, ஓய்வூதியம் கிடையாது, பிள்ளைகள் நாலைந்து பேர். யாராவது ஒரு பிள்ளை வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் மூத்தவன். வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் உருவாகத் தொடங்கியபோது 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் வூன் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. பிள்ளை காசு கொடுக்கவில்லை என்றால் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தச் சட்டம் பராமரிப்புப் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சேர்ந்து வாழ்வதைச் சட்டத்தால் கட்டளையிட முடியாது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாவி கைக்கு வந்த தலைமுறை

1950களில் பிறந்தவர்கள் வேறு ஆட்கள். 'மெர்டேக்கா தலைமுறை' என்று அரசாங்கம் அழைப்பது இவர்களை. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதியை எடுத்து வீட்டுக் கடனைக் கட்டலாம் என்று ஆனது. இவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய சமயம் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. மாதச் சம்பளத்தில் கையைவிட்டுப் போன காசு வீடாக மாறியது. அறுபது வயதில் பார்த்தால் கடன் தீர்ந்த நாலறை வீடு ஒன்று சொந்தமாக இருக்கிறது. இவர்களுடைய அப்பாக்களுக்கு அந்த வயதில் இது கனவு.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1970களில் 'இரண்டு போதும்' என்று அரசாங்கம் ஊரெங்கும் பிரசாரம் செய்தது. ஜனங்களும் கேட்டார்கள், கொஞ்சம் கூடுதலாகவே கேட்டார்கள். 1987இல் கொள்கையைத் திருப்பி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆக மெர்டேக்கா தலைமுறைக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன், இளையவன் என்று முறை போட்டுக்கொள்ள ஆளில்லை. இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மருமகளும் போகிறாள்.

சொந்த வீடு, குறைந்த பிள்ளைகள். இந்த இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சே மாறிவிடுகிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அது ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"அம்மா, எங்களோட வந்து இருங்களேன். தனியா எதுக்கு?"

"தனியா எங்கடா இருக்கேன்? கீழ எறங்குனா நாலு பேரு. நீ வேணும்னா பக்கத்துல வீடு பாரு."

இந்த 'பக்கத்துல வீடு பாரு' என்பதுதான் மெர்டேக்கா தலைமுறையின் வீட்டுக் கொள்கை. அம்மாவுக்குப் பேரப்பிள்ளை வேண்டும், ஆனால் மருமகள் சமையலறையில் விருந்தாளியாக நிற்க மனமில்லை. மகனுக்கும் சாயங்காலம் குழந்தையை விட ஓர் இடம் வேண்டும், ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சத்தமாகத் தொலைக்காட்சி ஓடும் வீடு வேண்டாம். இரண்டு பக்கமும் கௌரவமான ஒரு தூரத்தைத் தேடுகிறார்கள். தாத்தா பாட்டி வீடு ஒட்டிக்கொண்ட அந்த 1980களின் மாதிரி வீடு ஏன் ஓடவில்லை என்பதற்கு எனக்குப் படுகிற விளக்கம் இதுதான்: அது தேவைக்கு மேல் அருகில் இருந்தது. நடுவில் கதவு இருந்தாலும் வீடு யார் பேரில், விற்றால் யாருக்கு எவ்வளவு, கதவை யார் தட்டிவிட்டு வரவேண்டும் என்ற கேள்விகள் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தன.

வீவக இதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பழைய ஆசையை முழுசாக விடவும் இல்லை. 2013இல் 'மூன்று தலைமுறை வீடு' என்று மறுபடியும் ஈசூனில் தொடங்கியது. நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை, அவற்றில் இரண்டு அறைக்குள்ளேயே. மொத்தம் சுமார் 115 சதுர மீட்டர். அந்தக் காலத்துப் புதிய ஐந்தறை வீடு 110 சதுர மீட்டர்; ஐந்தறை என்று பெயர் இருந்தாலும் அதில் படுக்கையறை மூன்று, குளியலறை இரண்டுதான். ஆக ஐந்து சதுர மீட்டரை மட்டும் கூட்டி, ஒரு படுக்கையறையும் ஒரு குளியலறையும் அதிகம் சேர்த்திருக்கிறார்கள் என்றால் மற்ற அறைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதோடு, விற்கும்போது இதே மாதிரி பல தலைமுறைக் குடும்பத்துக்குத்தான் விற்க முடியும். பாட்டி காலமான பிறகு அந்த வீடு கொஞ்சம் சுமைதான்.

உண்மையில் வேலை செய்தது தூரத்துக்குக் கொடுத்த மானியம். 2015இல், பெற்றோரோடு அல்லது பெற்றோருக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு மானியம் அறிவித்தார்கள். ஆரம்பத்தில் 'அருகில்' என்றால் அதே நகரம் அல்லது 2 கிலோமீட்டருக்குள். 2018இல் அதை 4 கிலோமீட்டராக்கினார்கள். கூடவே, சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அருகில் வாழ்ந்தால் 20,000 வெள்ளி என்று பிரித்தார்கள். இந்தப் பத்தாயிரம் வெள்ளி வித்தியாசத்தில் ஓர் அரசாங்கத்தின் மனசு தெரிகிறது: ஒரே கூரைதான் எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அடுத்த புளோக்கும் குடும்பம்தான் என்று ஒப்புக்கொள்கிறோம்.

4 கிலோமீட்டர் என்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வைத்திருப்பவருக்கு 4 கிலோமீட்டர் ஒன்றுமில்லை. முழங்கால் வலியோடு தூக்குச்சட்டியில் சாம்பார் எடுத்துப்போகும் பாட்டிக்கு அது இரண்டு பேருந்து. எல்லையை விரித்ததற்குக் காரணமும் புரிகிறது: பழைய நகரங்களில் மறுவிற்பனை விலை ஏறிவிட்டது, பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் வீடு பொங்கோல், செங்காங் போன்ற புதிய நகரங்கள் பக்கம்தான் கிடைக்கிறது. விருப்பம் ஒரு பக்கம் இழுக்க, விலை இன்னொரு பக்கம் இழுக்கிறது. 4 கிலோமீட்டர் என்பது அந்த இழுபறியில் வந்து நின்ற புள்ளி.

36 சதுர மீட்டரில் என்ன வைப்பது

சொந்த வீடு கையில் இருக்கிறது, ரொக்கம் இல்லை. மெர்டேக்கா தலைமுறையின் இந்தச் சிக்கலுக்கு அரசாங்கம் சொன்ன தீர்வு, வீட்டைக் காசாக்குவது. இரண்டு வழி. ஒன்று, இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு குத்தகையின் பின்பகுதியை வீவகவுக்கே விற்றுவிடுவது (வீவக வீடு சொந்தம் என்றாலும் அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகைதான்). 2009இல் தொடங்கிய திட்டம் இது. வரும் பணம் முதலில் சேமநிதிக் கணக்குக்குப் போய் அங்கிருந்து மாதாமாதம் வருமானமாக வரும். ஆரம்பத்தில் மூவறை வீடு, அதற்கும் சிறியது மட்டும், 2015இல் நாலறை, 2019இல் ஐந்தறையும் அதற்கும் பெரியதும். இத்தனை முறை விதியைத் தளர்த்தியும் ஆரம்பத்தில் ஆட்கள் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் கணக்குத் தெரியாமை இல்லை. 'பிள்ளைக்கு என்னத்த விட்டுட்டுப் போவேன்?' என்ற கேள்வி.

இரண்டாவது வழி, பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போவது. 1998 வாக்கில் 55 வயது தாண்டியவர்களுக்கென்று 35 அல்லது 45 சதுர மீட்டர் வீடுகள், 30 ஆண்டுக் குத்தகையில். 2015இல் அவற்றுக்குப் பதிலாக ஈரறை ஃபிளெக்ஸி வீடு வந்தது, அதாவது ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும். மூத்தவர்கள் 15 முதல் 45 ஆண்டு வரை குத்தகையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், 95 வயது வரை அது தாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. குறுகிய குத்தகை வீட்டை வெளியில் விற்க முடியாது. வேண்டாம் என்றால் வீவகவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சரி, 36 சதுர மீட்டர் ஃபிளெக்ஸி வீடு ஒன்றுக்குள் போவோம். கதவைத் திறந்தால் ஒரு பக்கம் சமையல் மேடை. நேரே ஹால், அதற்கப்பால் ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு பல பேருக்கு நடமாட்டமே போய்விடும் என்பதால் அந்தக் கைப்பிடி சின்ன விஷயமில்லை. தட்டுமுட்டுச் சாமான் குறைந்தால் கூட்டிப் பெருக்குவதும் சுலபம். இதெல்லாம் நல்லதுதான்.

இப்போது ஒரு தமிழ்ப் பாட்டி தன் நாலறை வீட்டிலிருந்து இங்கே வருவதாக வைத்துக்கொள்வோம். சாமி அலமாரி எங்கே? நாலறை வீட்டில் அதற்கென்று ஒரு மூலை இருந்தது. இங்கே படுக்கையறையில் வைக்கக் கூடாது, கழிப்பறைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, கிழக்கு பார்க்க வேண்டும். மிஞ்சுவது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம். தீபாவளிக்கு இரண்டு பிள்ளைகள், மருமகன், மருமகள், பேரன் பேத்திகள் எல்லோரும் வந்து இலை போட்டு உட்கார எங்கே இடம்? நாளைக்கே உடம்புக்கு முடியாமல் போய் இல்லப் பணிப்பெண் வைத்தால் அவள் எங்கே படுப்பாள்? ஒரே படுக்கையறை வீட்டில் இந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. அதனால்தான் 'நான் ஒருத்திதானே, சின்ன வீடு போதும்' என்று சொல்லும் பலர், கடைசியில் மூவறைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீம்பு. உள்ளே இருப்பவருக்கு அது எதிர்காலப் படுக்கைக்கான இடம்.

பல மூத்தவர்கள் நகரவே மாட்டேன் என்பதற்கு இன்னொரு காரணம், இருக்கும் வீட்டையே கழகம் மெல்ல மெல்லச் சரிசெய்து வந்தது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. குறிப்பிட்ட சில மாடிகளில் நிற்கும், மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். வீடு வாங்கிய முப்பது வயதில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, பெரும்பாலான பழைய புளோக்குகளில் வாசலுக்கே மின்தூக்கி வந்தது. 2012 முதல் கைப்பிடி, சரிவுப்பாதை, வழுக்காத தரைப்பூச்சு ஆகியவற்றுக்கு மானியம் வந்தது. ஒரு கைப்பிடியும் ஒரு மின்தூக்கி நிறுத்தமும் ஒருவரை அதே வீட்டில் இன்னும் பல வருஷம் வைத்திருக்கும் என்றால், அதைவிட மலிவான முதியோர் வீட்டுத் திட்டம் எது?

பெஞ்சும் அதன் இடமும்

வீட்டுக்கு வெளியே இருப்பதைத்தான் மூத்தவர்கள் விரும்புகிறார்கள் என்பதைக் கட்டடமாகச் சொன்ன முயற்சி, உட்லண்ட்ஸில் அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் கம்பங் அட்மிரல்ட்டி. வோஹா நிறுவனம் வடிவமைத்தது; 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதைப் பெற்றது. 104 வீடுகள்தான். ஆனால் அதே கட்டடத்தில் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நிலையம், மேலே தோட்டம் எல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். காலையில் பேத்தியைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு, ஒரு கோப்பியைக் குடித்து, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மழையில் நனையாமல் வீடு திரும்பலாம்.

விருது வாங்கியது தோட்டத்துக்காக இருக்கலாம். எனக்குப் பிடித்தது அங்கே பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் வாசலில் போட்டிருக்கும் பெஞ்சு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவரைக் கதவுக்கு வெளியே இரண்டடி கொண்டுவருவதற்காக அதை அங்கே வைத்திருக்கிறார்கள். கம்பத்து வீட்டில் திண்ணை செய்த வேலையை அந்த பெஞ்சு செய்கிறது.

ஆனால் கம்பங் அட்மிரல்ட்டியில் 104 வீடுகள் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட இடம் வேறு நகரத்தில் இருந்து என்ன பயன்? குவீன்ஸ்டவுனில் நாற்பது வருஷம் வாழ்ந்தவருக்கு உட்லண்ட்ஸ் வெளியூர். மீன் கடைக்காரரைத் தெரியாது, கடனுக்குக் கோப்பி தருபவர் கிடையாது, பலதுறை மருந்தகத்தில் பழகிய தாதி இல்லை. அதனால்தான் மூத்தோருக்கான வீடுகளை ஒதுக்கும்போது, இப்போது இருக்கும் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ அருகில் விண்ணப்பித்தால் முன்னுரிமை என்று ஒரு விதி சேர்ந்தது. அறைகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் வைத்துப் போட்ட திட்டங்களைவிட, இந்த ஒரு விதியில் மூத்தவர்களின் மனம் நன்றாகப் பிடிபட்டிருக்கிறது.

இங்கே இந்தியர் போன்ற சிறுபான்மை இனத்தாருக்கு ஒரு கூடுதல் முடிச்சு இருப்பதையும் சொல்ல வேண்டும். 1989 முதல் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச அளவு உண்டு; இந்தியருக்கும் மற்ற இனத்தவருக்கும் சேர்த்து அது 2010 முதல் புளோக்குக்கு 15 விழுக்காடு. ஒரு புளோக்கில் சீனர்களின் அளவு நிரம்பிவிட்டால், இந்தியர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குபவர் வட்டம் சுருங்குகிறது, விலையும் இறங்குகிறது. பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போய் மிச்சத்தில் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போடும் தமிழ்ப் பெரியவருக்கு, கணக்கின் முதல் வரியே அடிபடுகிறது. 2022இல், நியாயமாக முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். பல இனத்தாரும் கலந்து வாழ்வதற்காகப் போட்ட கொள்கை அது, அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 'இந்திய முதியவர்கள் ஏன் வீடு மாற விரும்புவதில்லை' என்று யாராவது கருத்துக்கணிப்பு எடுத்தால், பதிலில் பாதி விருப்பமாக இருக்காது.

அடுத்து வருகிறவர்கள்

1960களிலும் 70களிலும் பிறந்தவர்களில் மூத்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள், மற்றவர்கள் நெருங்குகிறார்கள். படிப்பு அதிகம், சேமிப்பும் அதிகம். கூட்டுரிமை வீட்டில் (தனியார் 'காண்டோ') இருப்பவர்கள் முன்பைவிடக் கூடுதல். அதோடு, கல்யாணமே செய்யாதவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் முந்தைய தலைமுறைகளைவிட அதிகம். இவர்களிடம் 'மகன் வீடா, தனி வீடா' என்று கேட்பதே பொருத்தமில்லை. தனி வீடு என்பது இவர்களுக்கு ஏற்கெனவே முடிவான விஷயம். இவர்களின் கேள்வி: தனியாக இருக்கும்போது விழுந்தால் யார் வருவார்கள்?

அதற்கு வந்த விடைதான் 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகள். 169 வீடுகள், ஒவ்வொன்றும் 32 சதுர மீட்டர், 65 வயது தாண்டியவர்களுக்கு மட்டும். சக்கர நாற்காலி நுழையும் குளியலறை, மாடிதோறும் பொதுவாக உட்காரும் இடம், 24 மணி நேர அவசர அழைப்பு, குடியிருப்பவர்களைக் கவனிக்க ஒரு மேலாளர். முக்கியமான விஷயம், வீட்டோடு அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் கட்டாயமாக வாங்க வேண்டும். வேண்டுமானால் சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று தலைமுறையையும் வரிசையில் வைத்தால் இங்கே ஒரு பெரிய இடமாற்றம் நடந்திருக்கிறது. முதல் தலைமுறை கவனிப்பைப் பிள்ளையிடம் எதிர்பார்த்தது. இரண்டாவது, வீட்டை விற்றாவது காசைத் தானே வைத்துக்கொண்டு, கவனிப்பை மட்டும் பிள்ளையிடம் எதிர்பார்த்தது. மூன்றாவது கவனிப்பையே விலைக்கு வாங்கத் தயாராக இருக்கிறது, அதை வீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்கிறது. தாதிமை இல்லத்தின் (நர்சிங் ஹோம்) படுக்கைக்கும் தனி வீட்டுக்கும் நடுவே இப்படி ஒரு படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த விருப்பம் உருவானது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே ஆட்களிடம் கேட்டிருந்தால் 'தாதிமை இல்லத்துக்கு மட்டும் போக மாட்டேன்' என்று சொல்லியிருப்பார்கள், அதோடு பேச்சு முடிந்திருக்கும்.

தனியாள்களுக்கு வீவக விதிகள் மெதுவாகத்தான் தளர்ந்தன. 1991இல் 35 வயது தாண்டிய தனியாள் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்று ஆனது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. புதிய ஈரறை வீட்டை வாங்க 2013 வரை காத்திருந்தார்கள். எந்த இடத்திலும் புதிய ஈரறை ஃபிளெக்ஸி வாங்கலாம் என்றானது 2024 அக்டோபரில். ஆனால் அருகில் குடியிருப்பதற்கான மானியம் இன்னமும் பெற்றோர், பிள்ளை என்ற உறவை வைத்துத்தான் அளக்கிறது. கல்யாணமாகாத அறுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால், அவருக்கு 'அருகில்' இருக்க ஆளே இல்லை என்று படிவம் முடிவுகட்டிவிடும். அவருடைய முப்பது வருஷச் சிநேகிதி இரண்டு புளோக் தள்ளி இருப்பதும், இருவரும் ஒருவரிடம் ஒருவர் வீட்டுச் சாவி கொடுத்து வைத்திருப்பதும் அதில் வராது.

இத்தனைக்கும் வீவகவுக்கு இந்த யோசனை புதிதில்லை. பழைய புளோக்குகளை இடித்துவிட்டு மாற்று வீடு கொடுக்கும் திட்டத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் சில குடும்பமாகச் சேர்ந்து பதிவு செய்து, புதிய புளோக்கிலும் அருகருகே வீடு தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தார்கள். அங்கே யாரும் உறவைக் காட்டச் சான்றிதழ் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்பதே போதுமானதாக இருந்தது. இடிக்கும் வீட்டுக்குக் கொடுத்த அந்த வசதியை, முதுமையில் தானாக விரும்பி இடம் மாறுபவருக்கும் கொடுத்தால் எத்தனை பேர் எடுத்துக்கொள்வார்கள் என்று பார்ப்பது, வீவகவின் அடுத்த கருத்துக்கணிப்பில் கேட்கத் தகுந்த கேள்வி.